பயிர்ச் சேத நிவாரணம்: பழையாற்றுக் கரை வாழை விவசாயியின் மதிப்பீடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், கன்னியாகுமரி மாவட்டத்தில் குலை தள்ளி நின்ற எங்கள் ஏத்தன் (நேந்திரன்) வாழைகளுக்குள் வெள்ளம் புகுந்து ஐந்து நாட்கள் வடியாமல் நின்றது. கிழங்கு அழுகி, முட்டுக்கம்போடு சேர்ந்தே வாழைகள் சாய்ந்தன. மொத்தம் ஒரு ஏக்கர். அதில் 40 செண்ட் சொந்த நிலம், 60 செண்ட் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்தது. இந்தப் பிரிவினைதான் பின்னர் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறை ஊழியரும் சேற்றில் இறங்கி வயலைப் பார்த்தார்கள். 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்பது விதி. எங்கள் வயலில் வாழைகள் சாய்ந்தே கிடந்ததால் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (பயிர்ப் பதிவேடு), ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்தோம். யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கையூட்டுத் தராமல் பணம் நேராக வங்கிக் கணக்கில் வரவானது.

ஆனால் வந்த தொகை? பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்ற கணக்கில், 40 செண்டுக்கு ஏறத்தாழ 2,750 ரூபாய். அந்த 40 செண்டில் 400 வாழைகள் நின்றன. ஒரு வாழைக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. ஒரு முட்டுக்கம்பின் விலைக்கே அது காணாது. இது விளைச்சலுக்கான இழப்பீடு அன்று, மறுபடி பயிரிடுவதற்கான இடுபொருள் உதவி என்று அதிகாரிகள் விளக்குகிறார்கள். அப்படியே கொண்டாலும் கன்றும் உரமும் கூலியும் அதில் அடங்கா. பல்லாண்டுப் பயிர்களுக்கு அப்போது எக்டேருக்கு 22,500 ரூபாய். நட்டு ஏழு ஆண்டு காத்திருந்து பால் வெட்டத் தொடங்கும் ரப்பரை, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ஒரே நாளில் முறித்துப் போட்டதைக் கண்ட மாவட்டம் இது. எக்டேருக்கு 450 மரம் என்று வைத்தால், மரம் ஒன்றுக்கு 50 ரூபாய்தான் இந்த விகிதத்தில் கிடைக்கும்.

தொகையைவிட என்னை வருத்துவது பாட்ட நிலத்தின் கதை. அந்த 60 செண்டில் கன்று நட்டதும் உரம் வைத்ததும் கடன் வாங்கியதும் நாங்கள்; பட்டா இருப்பது வெளியூரில் வாழும் உடைமையாளர் பெயரில். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில் இங்கே பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் பாட்டம் நடக்கிறது. ஆகவே அந்த நிலத்துக்கு எங்களால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. வயலை நேரில் பார்க்கும் ஊழியருக்கு அங்கே பயிர் வைத்தவர் யார் என்பது தெரியும். பக்கத்து வயல்காரர் இருவரின் சாட்சியத்தோடு அதைக் குறித்துக்கொண்டு, பணத்தைப் பயிரிட்டவர் கணக்கில் செலுத்த விதி இடம் தர வேண்டும். வெள்ளம் பட்டாவை அழிக்கவில்லை, பயிரைத்தான் அழித்தது.

கூட்டுப் பட்டா வைத்திருப்போர் மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதத்தை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. நட்ட பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாருங்கள். நீர் வடிவதற்குள் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வடிந்த பிறகு சரிந்த வாழையை வெட்டி அகற்றிவிட்டால், ஆய்வுக்கு வருபவர் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இராது.