தலவாக்கலையிலிருந்து யாழ்ப்பாணம்: காரில் போக எந்தப் பாதை?

யாழ்ப்பாணம் போவதென்றால் மலையகத்தில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிலோமீற்றர்?" என்பதுதான். தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா எங்கிருந்து புறப்பட்டாலும் கண்டி வழியாக 400ஐ ஒட்டி வரும். ஆனால் தூரத்தை மட்டும் பார்த்துப் பாதையைத் தெரிவு செய்தால் கணக்குப் பிழைத்துவிடும். கண்டியைத் தாண்டிய 320 கிலோமீற்றர் சொச்சம் ஒரே சீராக ஓடிவிடும். கம்பளைக்கு இறங்கும் அந்த முதல் துண்டில்தான் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், பிரேக் சூடாகும், சாரதி களைத்துப் போவார். அதனால் நான் பாதைகளை ஒப்பிடும்போது முதலில் இறக்கத்தைப் பார்ப்பேன், அடுத்து மழையை. தூரம் மூன்றாவதுதான்.

கம்பளை வரை: மூன்று இறக்கங்கள்

தலவாக்கலைக்காரருக்கு மூன்று வழி இருக்கிறது. நுவரெலியாவுக்கு ஏறி, லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாக ஏ5 வீதியில் இறங்கலாம். ஹட்டன் போய் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் போகலாம். அல்லது பூண்டுலோயா வழியாகக் கொத்மலைப் பக்கம் நேரே இறங்கலாம்.

மூன்றிலும் வீதி அகலமானது ஏ5தான். பெற்றோல் செட், சாப்பாட்டுக் கடை, ஆஸ்பத்திரி என்று வழியெல்லாம் ஊர் உண்டு. ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பேராதனை ஏறக்குறைய 500இல். தலவாக்கலையிலிருந்து இந்தப் பக்கம் போகிறவர் முதலில் இன்னும் மேலே ஏறி, பிறகு அத்தனையையும் இறங்க வேண்டும். லபுக்கலைப் பக்கம் விடிகாலையில் மூடுபனி வந்து உட்கார்ந்துவிட்டால் முன்னால் போகிற மரக்கறி லொறியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. 2025 மே மாதத்தில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிப் போன பஸ், கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே வீதியில், ஓர் அதிகாலையில்தான். நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனதையும் நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நேரம் மிச்சம் என்று எந்தக் குறுக்கு வீதியில் திரும்புவதற்கு முன்னும் அதன் சரிவை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

ஹட்டன் வழி ஏற்றம் குறைந்தது, நமக்குப் பழகியதும்கூட. அதற்கு எதிரி மழை. இலங்கையில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வட்டவளை இந்த வழியில்தான் இருக்கிறது. ஆடியில் அங்கே மண்மேடு சரிந்து பாதை ஒற்றை வரிசையாகிவிட்டால், ஏ5இல் போனவர் கண்டியில் காலைச் சாப்பாட்டை முடித்திருப்பார், நீங்கள் கினிகத்தேனையில் நின்றுகொண்டிருப்பீர்கள். மழை இல்லாத தை, மாசியில் என் தெரிவு இதுதான்.

பூண்டுலோயா வழி வரைபடத்தில் குறுகியது. கைப்பேசி அதைத்தான் முதலில் காட்டும். பழகிய கை, சின்னக் கார், பகல் வெளிச்சம் மூன்றும் இருந்தால் போகலாம். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். சாமான் ஏற்றிய வேனோடு இருட்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எந்த இறக்கமானாலும் பிரேக் விஷயம் ஒன்றுதான். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காரில் வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். முதலில் கருகிய வாடை வரும். அதற்கு மேலும் சூடானால் பிரேக் எண்ணெய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, மிதி பஞ்சுபோல உள்ளே போய்விடும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது இதனால்தான். கியர் போடும் வண்டிக்காரர் இரண்டாவதிலேயே வைத்துக்கொள்வார்கள். ஓட்டோ கியர் வண்டிக்காரர்கள்தான் 'டி'யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை நம்புகிறார்கள். 'எல்' அல்லது 'எஸ்' இருந்தால் அதில் போடுங்கள். அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில் இறக்கத்துக்கென்றே 'பி' இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்ததும் இஞ்சின் திடீரென உறுமத் தொடங்கும். அது பழுது அல்ல, இனி வேகத்தை இஞ்சின்தான் பிடிக்கப் போகிறது என்று அர்த்தம். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சும்மா ஆற விடுங்கள். சூடான சில்லில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும்.

கண்டியைக் கடப்பது

பாடசாலை நேரத்துக்கு முன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் நேரே மாத்தளைதான். பிந்திவிட்டால் அக்குறணையில் நகர்ந்து நகர்ந்து போக வேண்டிவரும். பெருமழை நாளில் அக்குறணை நகரமே வெள்ளத்தில் நிற்கும். அப்படியான நாளில் மட்டும் கலகெதர, குருநாகல் சுற்றி தம்புள்ளைக்கு ஏறுவது நல்லது. தூரம் கூடும். மற்ற நாளில் மாத்தளையை விட்டுச் சுற்ற ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மாத்தளையை விடக் கூடாது என்பதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய நம் முன்னோர், கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த தடம் இது: மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. காட்டிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியும் நடந்தது. பிள்ளைகளோடு போகிற பெற்றோர் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி, கும்பிட்டுவிட்டு, இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

மதவாச்சியில் ஒரு பிரிவு: ஏ9 அல்லது மன்னார்

நேரே போனால் ஏ9, அதாவது கண்டி–யாழ்ப்பாணம் வீதி: வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு. யுத்த காலத்தில் மூடிக் கிடந்து, 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடி, யுத்தம் முடிந்த பிறகு மீண்டும் திறந்த வீதி. இப்போது கார்ப்பெட் போட்டு அகலமாக இருக்கிறது. இங்கே ஆபத்து வளைவில் இல்லை, நேரில்தான். காலை மூன்று மணிக்கு எழும்பிய சாரதிக்கு ஓமந்தைக்குப் பிறகு, மத்தியான வெயிலில், கண் தானாகச் சொருகும். வீதியில் மாடு படுத்திருக்கும். கார்களுக்கு ஊருக்குள் 50, வெளியே 70 என்பதுதான் சட்ட வேகம். வீதி வெறுமையாக இருக்கிறதே என்று 100இல் போகிறவர்களைத்தான் பொலிஸ் மறிக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் சாரதிகள் எல்லாரும் நிறுத்துவது வெறும் சம்பிரதாயமாக இருந்தாலும் நல்ல சம்பிரதாயம். இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, முகம் கழுவி, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால் யாழ்ப்பாணம் வரை தூக்கம் வராது.

மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் ஏ14. செட்டிகுளம், மடு சந்தி, முருங்கன் தாண்டி மன்னார்ப் பக்கம் போய், அங்கிருந்து ஏ32இல் பூநகரி வழியாக யாழ்ப்பாணம். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகுதான் இது காரில் போகக்கூடிய வழியானது. ஏ9ஐ விடத் தூரம் கொஞ்சம் கூடும், வாகன நெரிசல் மிகக் குறைவு. மடு மாதாவையும் திருக்கேதீஸ்வரத்தையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். குறை என்னவென்றால் மன்னார்ப் பக்கம் தாண்டினால் கடைகளும் பெற்றோல் செட்டும் அரிது. டயர் வெடித்தால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். மேலதிகச் சில்லில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.

போகும்போது ஏ9, வரும்போது மன்னார் என்பது என் தீர்ப்பு. போகும் நாளில் அவசரமும் களைப்பும் அதிகம், அதற்கு ஊர்களும் வைத்தியசாலைகளும் அடுத்தடுத்து இருக்கிற வீதிதான் தேவை. வரும்போது மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாக மாத்தளைக்கு ஏறினால், முன்னோர் வந்த திசையிலேயே நாமும் வீட்டுக்கு வருகிறோம்.

கிழக்கைச் சுற்றினால்

வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி: ஏ5 வீதி கடைசிவரை இப்படியே போகும். செங்கலடியிலிருந்து ஏ15இல் வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா கடந்து திருகோணமலை. பிறகு ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா. மொத்தம் 600 கிலோமீற்றரை நெருங்கிவிடும். ஒரே நாளில் நினைக்கவே வேண்டாம். மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். முன்பு படகில் வண்டியை ஏற்றி இறக்கிக் கடந்த துறைகளில் இப்போது பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்.

நேரம் இருப்பவருக்கு, அதுவும் ஆடி, ஆவணியில், இதைவிட அழகான பயணம் இலங்கையில் இல்லை என்று துணிந்து சொல்வேன். அப்போது தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும், பதுளைச் சரிவு காய்ந்திருக்கும், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வெருகல் முருகனும் கோணேசரும் வழியிலேயே இருக்கிறார்கள். மட்டக்களப்பில் கச்சான் காற்று அனலாக வீசும், அதற்குத் தண்ணீர் போத்தல் நிறைய வேண்டும். இதே பாதை மார்கழி, தையில் வேறு முகம் காட்டும்: பசறை, லுணுகலையில் மண்சரிவு, தாழ்வான இடங்களில் வெள்ளம். ஹொரவப்பொத்தானைப் பக்கம் பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்குப் பிறகு யானை வீதிக்கு வரும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், வாழைப்பழம் நீட்டாதீர்கள். தீனி கொடுத்துப் பழக்கியதால்தான் புத்தள–கதிர்காமம் வீதியில் அவை வாகனங்களை மறிக்கின்றன.

பதுளையிலிருந்து மகியங்கனை, மன்னம்பிட்டி, பொலனறுவை, ஹபரணை என்று நடுவாலும் ஒரு வழி உண்டு. பதுளைக்காரருக்கு அது சரி. தலவாக்கலையிலிருந்து அதைப் பிடிப்பதில் லாபம் இல்லை.

மாதம் பார்த்து முடிவெடுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு, அதாவது ஆண்டைப் பொறுத்து ஜூலை கடைசிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் போகிறீர்களென்றால் ஏ5இல் இறங்கி மாத்தளை வழி ஏ9. இரண்டு நாள் கையில் இருந்தால் கிழக்கு. பெப்ரவரி, மார்ச்சில் ஹட்டன், நாவலப்பிட்டி வழி. டிசம்பர் விடுமுறையில் கிழக்கை மறந்துவிட்டு ஏ9 மட்டும். ஒக்டோபர், நவம்பரில் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் மண்ணில் புதைந்தது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் மலையக வீதிகளைப் பிய்த்துப் போட்டது 2025 நவம்பர் இறுதியில். தவிர்க்க முடியாத பயணமென்றால் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் பயணத்தை நிறுத்துங்கள், சிவப்பு என்றால் அங்கே வசிப்பவர்களே வெளியேற வேண்டிய நிலை. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119: மூன்றையும் கைப்பேசியில் போட்டு வையுங்கள்.

சொந்தக் காரா, வாடகை வேனா என்றும் கேட்பார்கள். நான்கு பேர் வரை கார் போதும். வயதானவர்கள் சேர்ந்து ஏழெட்டுப் பேரானால் ரொயோட்டா கேடிஎச் வேன்தான் வசதி, ஆளுக்கு விழும் செலவும் குறையும். வேன் பிடித்தால் சாரதிக்கும் படுக்க ஓர் இடம் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அறைக்காசு மிச்சம் என்று இரவு முழுக்க ஓட்டவைத்து, பகலில் கோயில் கோயிலாகச் சுற்றவைத்து, மறுபடி இரவில் மலை ஏறவைக்கும் வழக்கத்தை நம் ஆட்கள் கைவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

திரும்பும் பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். யாழ்ப்பாணத்தில் காலையில் புறப்பட்டால் மன்னார் சுற்றி வந்தாலும் பொழுது சாய முன் தம்புள்ளைக்கோ மாத்தளைக்கோ வந்துவிடலாம். அங்கே தங்கி, மறுநாள் காலை கண்டியைக் கடந்து, மத்தியானத்துக்கு முன் மலை ஏறிவிடுங்கள். இரண்டு பருவமழைக்கும் நடுவில் வரும் இடைப்பருவ காலத்தில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் தொடங்கும்.