வைரஸ் என்றார்கள்; 280 வெள்ளியும் போனது, அசல் படங்களும் போயின

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் ஏமாந்துவிட்டேன். 280 வெள்ளி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூடவே போனவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

எங்கள் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடிப்பதற்கு முன் வீடு வீடாகப் போய் ஐபோனில் படம் எடுத்திருந்தேன். பால் வாளி மாட்டிய ஆணி, கரி படிந்த அடுப்படி, மாரியம்மன் கோவில் தீமிதி, அப்பாவின் கடைசித் தீபாவளி எல்லாம் அதில் இருந்தன. போனில் இடம் போதவில்லை என்று அத்தனையையும் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்தேன். அது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், பழைய கேமராவில் எடுத்தவை எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. ஐபோன் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. சொடுக்கினாலும் திறக்கவில்லை. பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரத் தம்பி இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "வைரஸ் தின்றுவிட்டது அண்ணே. ஹார்ட் டிஸ்க் முழுக்கப் பரவியிருக்கிறது. மூன்று நாள் கொடுங்கள், மீட்டுத் தருகிறேன்" என்றார். மூன்றாம் நாள் திரையில் படங்கள் தெரிந்தன. மகிழ்ச்சியில் அவருக்குத் தே தாரிக் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அன்று இரவு அம்மா அப்பாவைப் பார்க்கக் கேட்டார். முகத்தைப் பெரிதாக்கினேன், கண்ணும் மூக்கும் சதுரம் சதுரமாக உடைந்தன. நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால் இன்னும் மோசம். தைப்பூசக் காவடி, தங்கையின் வளைகாப்பு, அப்பாவின் கருமாதி எல்லாம் ஒரே தேதியில் கிடந்தன. "ஒரே நாளிலா இத்தனையும் நடந்தன?" என்றார் அம்மா.

ஈப்போவிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு படத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினான். ஐபோன் எடுக்கும்போது 4032க்கு 3024 புள்ளி. இப்போது இருப்பது 1600க்கு 1200. எடுத்த தேதி என்ற இடம் காலி. "வைரஸ் எதுவும் இல்லை மாமா" என்றான். ஐபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்இஐசி என்ற வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. விண்டோஸ் 10இல் அதைத் திறக்க உதவும் நீட்சிகள் (கூடுதல் மென்பொருள்கள்) இல்லாவிட்டால் படம் தெரியாது; கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஒரு நீட்சி இலவசம், இன்னொன்றுக்குச் சில வெள்ளி. பத்து நிமிட வேலை. கடையில் ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு எல்லாவற்றையும் சிறிய ஜேபெக் படங்களாக மாற்றியிருக்கிறார்கள். அதில் படத்துக்குள் பதிந்திருந்த தேதியும் உதிர்ந்துவிட்டது. தேதி இல்லாத படத்தை, கோப்பு உருவான நாளில்தான் கணினியின் படத்தொகுப்புச் செயலி அடுக்கும்.

அசல் எங்கே என்று மறுநாள் போய்க் கேட்டேன். "வைரஸ் பிடித்ததை யாராவது வைத்திருப்பார்களா? அழித்துவிட்டேன். அதுதான் தெரிகிறதே அண்ணே!" என்றார். விண்டோஸையும் புதிதாக ஏற்றியிருக்கிறார். மருமகன் மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தான். என் மடிக்கணினியில் இருப்பது எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சேமிப்பகம். அதில் அழித்த இடத்தைக் கணினியே துடைத்துவிடுவதால் ஒன்றும் தேறவில்லை.

ஆகவே, படம் தெரியாவிட்டால் முதலில் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள்; .heic என்று முடிந்தால் அது அந்த எச்இஐசி வடிவம்தான். அதே கோப்பை வேறொரு போனில் திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால் படம் நலமாக இருக்கிறது என்று பொருள். எல்லாப் படத்துக்கும் சின்னம் மட்டுமே வந்தால், கோப்புறை அமைப்பில் 'எப்போதும் சின்னங்களையே காட்டு' என்பதில் குறி விழுந்திருக்கலாம், எடுத்துவிட்டால் போதும். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டுக் கொடுங்கள். ரசீதில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். என் ரசீதில் 'செர்விஸ்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

அதை வைத்துத்தான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். விஷயம் தெரிந்ததும் கடையிலிருந்து 100 வெள்ளி தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜொகூரில் இருக்கும் அக்கா தன்னிடமிருந்த தீமிதிப் படங்கள் சிலவற்றை அனுப்பியிருக்கிறாள். லயத்துப் படங்கள் மட்டும் யாரிடமும் இல்லை.