குடியேறிய பிறகு தெரியும் குறைகள்: வீடு கட்டும்போது கேட்க மறக்கும் கேள்விகள்

புது வீட்டின் குறை குடியேறும் நாளில் தெரியாது. பெயின்ட் வாசனை அடங்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். முதல் மழைக்காலத்தில் ஜன்னலடியில் கறுப்புக் கோடு, அதிகம் புழங்காத குளியலறையில் நாற்றம், நாலைந்து வருடத்தில் எங்கோ ஒரு சுவரில் உப்புப் பூத்தல் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இவை பெரும்பாலும் மட்டமான பொருளால் வருபவை அல்ல. பத்து மில்லிமீட்டர் வாட்டம், ஒரு காலிக் குழாய், ஒரு வால்வு என்று சின்னச் சின்ன விஷயங்களை உரிய நாளில் யாரும் கேட்காமல் விட்டதால் வருபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு: சில கான்கிரீட் ஊற்றும் முன், சில பூச்சுக்கு முன், சில டைல்ஸுக்கு முன். வீட்டுக்காரர் டைல்ஸ் நிறம் பார்க்கக் கிளம்பும்போது பாதிக் கெடு முடிந்திருக்கும்.

கான்கிரீட்டுக்கு முன்

மின்விசிறியிலிருந்து தொடங்கலாம். வரைபடத்தில் அறையின் நட்டநடுவில் கொக்கி குறித்திருப்பார்கள். பிறகு ஒரு சுவர் முழுக்க 600 மிமீ ஆழத்தில் அலமாரி வரும். மிச்சமிருக்கும் அறையின் நடு 300 மிமீ தள்ளிப் போய்விடும். விசிறி மட்டும் பழைய நடுவிலேயே சுற்றும். அலமாரிக் கதவைத் திறந்தால் இறக்கைக்கு அருகில் போகும், கட்டிலுக்குக் காற்று ஒரு பக்கமாகவே வரும். தளக் கம்பி கட்டும்போது விசிறிப் பெட்டியை நகர்த்துவது ஐந்து நிமிட வேலை. அதற்கு அன்றைக்கே கட்டிலும் அலமாரியும் வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது படிக்கட்டு. பல வீடுகளில் முதல் படியிலும் கடைசிப் படியிலும் கால் தடுக்கும். காரணம் யாருக்கும் விளங்காது. கான்கிரீட்டில் எல்லாப் படியும் 150 மிமீ உயரம் என்று சமமாகத்தான் ஊற்றியிருப்பார்கள். அதன்பின் தரையில் அடித்தளக் கலவையும் டைல்ஸுமாக 60 மிமீ ஏறும். படியின் மேல் கல்லும் கலவையும் சேர்ந்து 40 மிமீதான் ஏறும். இந்த 20 மிமீ வித்தியாசத்தால் முதல் படி 130 மிமீயாகக் குறையும், கடைசிப் படி 170 மிமீயாகக் கூடும். நடுப்படிகள் பழகிய காலுக்கு இந்த இரண்டும் பொறிதான். சென்ட்ரிங் அடிக்கும்போதே முதல் படியை 170, கடைசிப் படியை 130 என்று வைத்தால் முடிவில் எல்லாம் 150 ஆகிவிடும். தரைப் பூச்சின் மொத்தத் தடிமனை முன்கூட்டியே முடிவுசெய்யாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. கதவுக்கு மேல் வரும் லிண்டல் பீமின் உயரத்துக்கும் இதே கதை. பூச்சில்லாத வெறுந்தரையிலிருந்து 2100 மிமீ அளந்து லிண்டல் போட்டால், கடைசியில் கதவை அறுக்க வேண்டியிருக்கும்.

அடித்தள பீம்களில் கழிவுக் குழாய் போகும் இடங்களில் ஸ்லீவ் (குழாய் நுழைவதற்கான உறைக்குழாய்) வைக்காமல் விடுவது இன்னொன்று. பிளம்பர் பிறகு வந்து பீமை உடைப்பார். குறுக்கே வரும் கம்பியையும் வெட்டுவார். 110 மிமீ குழாய்க்கு 160 மிமீ பிவிசித் துண்டு ஒன்றை முன்பே வைத்துவிட்டால் போதும். எந்த உபயோகமும் எழுதாத ஒரு காலி ஸ்லீவையும் தெருப் பக்கமாக விட்டுவையுங்கள். ஏதாவது ஒரு கேபிள் நிச்சயம் வரும்.

தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை முகப்பின் அழகை வைத்து முடிவுசெய்வது மிகச் சாதாரணம். அழுத்தக் கணக்கு எளிது: ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.1 பார். தொட்டியின் அடி மேல்மாடி ஷவரைவிட 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான். அகலமான மழை ஷவர்களில் பல 1 பார் அளவுக்கு எதிர்பார்ப்பவை. குழாயைப் பெரிதாக்கினால் உராய்வு இழப்பு குறையுமே தவிர அழுத்தம் கூடாது. ஆகவே ஒன்று தொட்டியை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பிரஷர் பம்புக்கு இடமும் மின்இணைப்பும் ஒதுக்க வேண்டும், அதுவும் வேண்டாமென்றால் சாதாரண ஷவரோடு திருப்திப்பட வேண்டும். நீண்ட காலப் பயன்பாட்டில் கைஷவர்தான் உழைக்கிறது. மழை ஷவர் உப்படைத்துச் சும்மா நிற்கிறது. 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் என்பதையும் மறக்கக்கூடாது. தொட்டி பீம்கள் மேல் உட்கார வேண்டும், தளத்தின் நடுவில் அல்ல.

பூச்சுக்கு முன்

மின்வேலையில் பிளக் பாயின்ட் குறைவு என்ற புலம்பல் எல்லோரும் அறிந்தது. அதைவிடத் தொல்லையானவை சுவருக்குள் இருக்கின்றன. சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரல் வயர் இழுக்காமல் விடுவது முதல் தவறு. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு அது வேண்டும். குழாயில் வயரை முட்ட முட்டத் திணிப்பது இரண்டாவது. பிறகு ஒரு வயரை மாற்ற வேண்டுமென்றால் இழுபடாது. 25 மிமீ குழாய், கூர்மையான எல்போவுக்குப் பதில் வளைந்த பெண்ட், ஒவ்வொரு தளத்துக்கும் நைலான் கயிறு கோத்த ஒரு காலிக் குழாய் ஆகிய மூன்றும் இருந்தால் பின்னால் சுவரை உடைக்கத் தேவை வராது.

குழாய் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவதைக் கண்காணிக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. அரைச் செங்கல் சுவரில் நீளமாகக் கிடைக்காடி போட்டுவிட்டு, பிறகு அந்தக் கோட்டிலேயே விரிசல் வந்தால் பெயின்டைக் குறைசொல்லிப் பயனில்லை. கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் 150 முதல் 200 மிமீ அகலக் கோழிவலை அடித்துப் பூசாவிட்டாலும் அதேபோல் ஒரு கோடு விழும்.

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றை வீடு முழுக்கப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பார்கள். கீசர் காயில் கசிந்தால் நள்ளிரவில் வீடே இருளும், குளிர்சாதனப் பெட்டியும் நிற்கும். இரண்டு முறை இப்படி ஆனதும் வீட்டில் யாராவது அதை பைபாஸ் செய்யச் சொல்வார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மொத்தச் சுமையை இரண்டு மூன்று ஆர்சிசிபிகளாகப் பிரித்து, கீசரையும் வெளி பாயின்ட்டுகளையும் தனியாக வைத்தால் யாருக்கும் அதைப் பிடுங்கத் தோன்றாது. ஒரு ஆர்சிசிபியின் நியூட்ரலை இன்னொன்றின் நியூட்ரலோடு எங்கும் முடிச்சுப் போடக்கூடாது. போட்டால் காரணமில்லாமல் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் லைன் இழுக்கும் வீடுகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

ஏசிக்குச் செம்புக் குழாய் நினைவிருக்கும்; தண்ணீர்க் குழாய் நினைவிருக்காது. சுவரைத் துளைக்கும் ஸ்லீவ் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குள் புதைக்கும் 25 மிமீ டிரெயின் குழாய்க்கு நெடுக வாட்டமும் மேலே காப்புறையும் வேண்டும். காப்புறை இல்லாவிட்டால் குளிர்ந்த குழாயின் மேல் ஈரம் கோத்து, கசிவே இல்லாத சுவரில் ஈரத்திட்டு படியும். ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள் எல்இடி பட்டைக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியை உள்ளே போட்டு மூடிவிடுவது வழக்கம். பட்டைக்கு முன் டிரைவர்தான் சாகும். கை நுழைய ஒரு திறப்பு இல்லையென்றால் அந்த விளக்கு அதோடு அலங்காரம்தான்.

டைல்ஸுக்கு முன்

அதிகம் செலவு வைப்பது குளியலறை. அங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் வேலையின் வரிசை மாறுவதால் வருகின்றன. சரியான வரிசை இது: குழாய் பதித்து, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் சோதித்து, காடிகளை அடைத்து, பூச்சு, பிறகு நீர்க்காப்புப் பூச்சு, தரையிலிருந்து சுவரில் 300 மிமீ வரை, ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்கு, பிறகு குழியைத் தண்ணீரால் நிரப்பி 48 மணி நேரம், அதன்பின் வாட்டக் கலவை, கடைசியில் டைல்ஸ். நீர்க்காப்பு முடிந்தபின் பிளம்பர் ஒரு துளை போட்டால் அந்த இடத்தை மறுபடி பூசி மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விடுவார்கள். கிளாசட்டை (கழிப்பறைப் பீடத்தை) தரையில் முடுக்கும் திருகுகளும் அதே காப்பைத்தான் துளைக்கின்றன. ஆழம் குறைந்த திருகு போட்டுத் துளையில் சீலன்ட் நிரப்பச் சொல்ல வேண்டும். தாழ்தளம் உள்ள குளியலறையில் குழியின் அடிமட்டத்திலிருந்து வெளியே ஒரு சிறு குழாய் விட்டால், உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது சொட்டிக் காட்டிக்கொடுக்கும். கீழ்வீட்டுக் கூரை காட்டிக்கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வாட்டம் 1:80 என்று வைத்தால் மீட்டருக்கு 12.5 மிமீ. கதவிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி ட்ராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) இருந்தால் 20 மிமீ இறக்கம் வேண்டும். கதவடியிலேயே அறைத் தரையைவிட 15 முதல் 20 மிமீ தாழ்வு. அதாவது ட்ராப்பின் வாய் அறைத் தரைக்கு 35 முதல் 40 மிமீ கீழே உட்கார வேண்டும். ட்ராப்பை வைப்பவர் பிளம்பர், வாட்டம் எடுப்பவர் டைல்ஸ்காரர். இருவரும் ஒரே நாளில் அங்கே இருப்பதில்லை. ட்ராப் 15 மிமீ உயரமாக உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் மூலையில் தண்ணீர் தேங்கும்.

600×600 டைல்ஸை நடு ட்ராப்புக்கு நான்கு பக்கமும் சாய்க்க முடியாது. ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் மூலைவிட்டத்தில் அறுக்க வேண்டும். பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் சுவரோரம் நீள ட்ராப் வைத்து ஒரே பக்கம் சாய்ப்பது உத்தமம். சாதாரண ட்ராப் என்றால் 300×300. பளபளப்பான டைல்ஸைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, வாங்காதீர்கள். ஒட்டியதும் இடுக்கு அடைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர் கொட்டிப் பார்த்தால், பெயர்த்து ஒட்ட வேண்டியவை அப்போதே தெரியும்.

புழங்காத குளியலறை நாற்றத்துக்கு வருவோம். ட்ராப்புக்குள் நிற்கும் 50 மிமீ அளவுத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. சில வாரம் பயன்படுத்தாவிட்டால் அது காய்ந்துவிடும். வாஷ்பேசின் கழிவைத் தரை ட்ராப்பின் பக்கவாய் வழியாக விட்டால், கை கழுவும்போதெல்லாம் ட்ராப் நிரம்பும். தினம் புழங்கும் அறையிலேயே நாற்றம் வந்தால் கழிவுக் குழாய்க்குள் காற்று வந்துபோக விடும் காற்றுக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அது இல்லாத நெடுங்குழாயில் ஃபிளஷ் செய்யும்போது மற்ற ட்ராப்புகளின் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பக்கத்து ட்ராப் களகளவென்று சத்தம் போடுவது அதன் அடையாளம்.

கிளாசட் வாங்கும் முன்பே கழிவுக்குழாய் பதிப்பது இன்னொரு பழக்கம். சுவரிலிருந்து குழாய் மையம் வரை சில மாடல்களுக்கு 225 மிமீ, சிலவற்றுக்கு 300. அந்த அளவு டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து எடுப்பது. செங்கல்லிலிருந்து 300 அளந்தால், பூச்சும் டைல்ஸும் 30 மிமீ தின்றபின் 270தான் மிஞ்சும். அதைச் சரிக்கட்டக் கோணல் இணைப்பு போடுவார்கள். அடைப்பு அங்கே வந்து நிற்கும். சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டருக்கும் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) இப்படித்தான்: அதன் உடலில் குறைந்த, கூடிய ஆழக் கோடுகள் இருக்கும், முடிந்த டைல்ஸ் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும்.

ஒவ்வொரு குளியலறைக்கும் வெளியே தனி வால்வு வையுங்கள். ஒரு குழாய் கெட்டால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது. இவ்வளவு மலிவாக இவ்வளவு நிம்மதி தரும் பொருள் வீட்டில் வேறு இல்லை.

வெளிச்சுவரும் மொட்டைமாடியும்

ஜன்னலடிக் கறுப்புக் கோட்டுக்கு மருந்து விலையுயர்ந்த பெயின்ட் அல்ல. ஜன்னல் கல் வெளிப்பக்கம் சாய்ந்து, சுவரைவிட 25 முதல் 30 மிமீ நீட்டிக்கொண்டு, அடியில் ஒரு காடியோடு இருக்க வேண்டும். சன்ஷேடின் அடியிலும் ஓரத்தை ஒட்டி 10 முதல் 15 மிமீ காடி வேண்டும். காடி இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவரை அடையும். கல்லில் காடி கடையிலேயே போட்டு வர வேண்டும், பதித்தபின் போட முடியாது.

மொட்டைமாடிக்குக் குறைந்தது 1:100 வாட்டம். 10 மீட்டர் நீளத்துக்கு அது 100 மிமீ. வெளிவாய்க்கு எதிர்ப்பக்கம் படிக்கட்டு அறை இருந்தால் அந்த 100 மிமீயும் கதவடியில் வந்து ஏறும். வாசற்படி தரைமட்டமாகி மழைநீர் உள்ளே வரும். முடிந்த தரைக்கு மேல் 150 மிமீ மிஞ்சும்படி படியை முதலிலேயே உயர்த்த வேண்டும். கணக்குப்படி ஒரு மழைநீர்க் குழாய் போதும் என்றாலும் இரண்டு வையுங்கள். இலை அடைத்துக்கொள்வது எப்போதும் பெருமழையன்றுதான். கைப்பிடிச் சுவரின் மேல்முகம் உள்பக்கம் சாய்ந்தால் முகப்பில் அழுக்கு வழியாது. மேலே ஒரு தண்ணீர்க் குழாயும் பிளக்கும் வைக்க மறந்த வீடுகள் ஏராளம்.

சமையல் மேடைக்கு ஒரே குறிப்பு: நின்று வேலை செய்பவரின் முழங்கை உயரத்திலிருந்து 100 முதல் 150 மிமீ கழித்து, முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். மேடை கட்டியபின் தரை 40 மிமீ ஏறினால் அந்தக் கணக்கு வீண். நெகிழ் ஜன்னல் வாங்குபவர்கள் அது பாதிதான் திறக்கும் என்பதைக் காற்றுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், டைல்ஸுக்கு முன் ஒவ்வொரு தரையையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து, அறைப் பெயரோடு சேமித்து வையுங்கள். ஆணி அடிக்கும்போதெல்லாம் அது உதவும். ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஒரு பெட்டியை எடுத்துவைத்து, பெட்டி மேலிருக்கும் ஷேடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே மாடலைப் பிறகு வாங்கினாலும் வேறு தொகுப்பில் நிறம் சற்று மாறியே வரும்.