கிருஷ்ணகிரி கோர்ட் இலவச சட்ட உதவி: வேலை போன அப்பாக்கள் போகலாமா?

இலவச சட்ட உதவின்னா பொம்பளைங்களுக்குத்தான்னு எங்க ஷிப்ட்ல எல்லாரும் சொல்லுவாங்க. அப்படி இல்லை. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12-வது பிரிவுல பெண்கள், குழந்தைகளோட தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கான். பழைய கம்பெனி ஐடி கார்டைக் காட்டினேன், மனு வாங்கிக்கிட்டாங்க. வக்கீல் ஃபீஸ் ஒரு பைசா இல்லை.

ஓசூர் சிப்காட்ல பிரெஸ் ஷாப் வேலை எனக்கு. ஆர்டர் குறைஞ்சதும் ஆளைக் குறைச்சுட்டாங்க. பொண்ணு காவேரிப்பட்டணத்துல அவ அம்மாகூட இருக்கா. அவளுக்கு மாசம் 5,000 ஜீவனாம்சம். 18,000 சம்பளம் வந்தப்ப சமாளிச்சேன். ஈ.எஸ்.ஐ-ல (தொழிலாளர் காப்பீடு) வேலை போனவங்களுக்கு அப்ப அடல் பீமித் திட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. சராசரி தினச் சம்பளத்துல பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாள்ல ஒரே தடவை. எனக்குக் கணக்குப் போட்டா மாசம் 9,000. அதுல 5,000 அனுப்பிட்டு வாடகைக்கு எங்க போறது?

ஓசூர்ல ஒரு வக்கீல் குமாஸ்தா, “ஈ.எஸ்.ஐ பேப்பரைக் காட்டினா ஜீவனாம்சம் தானா நின்னுடும், ரெண்டாயிரம் கொடு”ன்னான். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

கிருஷ்ணகிரியில எனக்கு ஒதுக்கின வக்கீலம்மா முதல்லயே உடைச்சுச் சொல்லிட்டாங்க. “தானா எதுவும் குறையாதுங்க. உத்தரவை மாத்தச் சொல்லி மனு போடணும். கோர்ட் மாத்தற வரைக்கும் மாசா மாசம் 5,000 பாக்கி ஏறிக்கிட்டேதான் இருக்கும்.” அந்த மனுவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல முன்னாடி 127-ன்னு சொன்ன பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 146. ஈ.எஸ்.ஐ பணத்தைக் கோர்ட் ஜப்தி பண்ண முடியாதாமே, அது நிஜமான்னு கேட்டேன். நிஜம்தானாம், 1948 ஈ.எஸ்.ஐ சட்டத்துலயே 60-வது பிரிவு அப்படித்தான் சொன்னதாம். “ஆனா அதனால உங்க கடன் தீராது. பாக்கி வெச்சா வாரண்ட் வரும், உள்ளே போகவும் வேண்டி வரும்”னாங்க.

அப்புறம் சொத்து-வருமான அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்). 2020-ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு தரப்பும் கொடுக்கணும்னு சொன்னது இதைத்தான். பாஸ்புக்கை வரி வரியா பார்த்தாங்க. ஈ.எஸ்.ஐ வரவுல பென்சிலால வட்டம். 90 நாள் முடிஞ்சு, தோத்தாபுரி மாங்கா சீசன்ல மண்டியில கிரேட் தூக்கின கூலி ஜிபேல வந்திருந்தது, அதுலயும் வட்டம். “கூலிதானேம்மா”ன்னேன். “கூலியும் வருமானம்தாங்க. உடம்புல தெம்பு இருக்கிறவன் உழைச்சுக் கொடுக்கணும்னுதான் கோர்ட் பார்க்கும். மறைச்சீங்கன்னா மனுவே அடிபடும்.” அடுத்து, பாப்பாவுக்கு வேன் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. போன் போட்டுக் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி எந்த வக்கீலும் என்கிட்ட இதைக் கேட்டதில்லை.

எதிர்த்தரப்புக்கும் இதே சட்ட உதவியில வேற வக்கீல். விஷயம் சமரசப் பேச்சுக்குப் போச்சு. ஆறு மாசத்துக்கு 3,000, அப்புறம் பழையபடி 5,000, அந்த ஆறு மாசத்துல குறையற மிச்சத்தைத் தவணையில கட்டணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நான் கேட்டது மாசம் 2,000-ஆ குறைக்கணும்னு. வேன் ஃபீஸ் தெரிஞ்சதுக்கு அப்புறம் அதுல நிக்க முடியல.

வாய்தா மட்டும் எங்கயும் வாய்தாதான், சீக்கிரம் முடியும்னு நம்பிப் போகாதீங்க. குழந்தைக்குக் கொடுக்கிறதை ஒரேயடியா நிறுத்தணும்னு வர்றவங்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. போறவங்க பழைய உத்தரவு நகல், வேலை நீக்கக் கடிதம், ஈ.எஸ்.ஐ பேப்பர், ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துட்டுப் போங்க. அங்க வரை போக முடியாதவங்க முதல்ல சட்ட உதவி போன் நம்பர் 15100-க்கு அடிச்சுக் கேட்கலாம்.