துருப்பிடித்த பாடி: ஒட்டு போடுவதா, பேனலையே மாற்றுவதா?

பெயிண்டில் கொப்புளம் கிளம்பிய இடத்தைத் தேய்த்துப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உடனே அதை அடைக்க எவ்வளவு தகடு வேண்டும் என்று அளக்கத் தொடங்குவதுதான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேலையில் முதல் தப்பு. கல்லடி பட்ட இடத்தை விட்டால், துரு பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது. இரண்டு தகடுகள் சேரும் மடிப்பிலோ, அடைபட்ட வடிகால் துளைக்குப் பின்னாலோ, சேறு தங்கிய மூலையிலோ தொடங்கி, வெளித்தகட்டைத் தின்று முடித்த பிறகுதான் கொப்புளமாகத் தலைகாட்டும். வெளியே ஓட்டை ரூபாய் நாணயம் அளவு என்றால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கலாம். அதனால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு போட்டியிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பின்பக்கத்துக்குக் கை போகுமா?

ஒட்டும் முழு பேனலும்

வெளித்தகடு பொதுவாக 0.8 முதல் 1 மி.மீ. தடிமன் கொண்டது. கூர்முனைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். மந்தமான ஒலி நின்ற இடத்திலிருந்து இன்னும் 25 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது. ஆர்க் பட்டதும் ஓட்டை விழும், அதை நிரப்பப் போனால் பக்கத்தில் இன்னொன்று விழும்.

ஒட்டின் பெரிய பலம், தொழிற்சாலை தந்த வளைவும் கதவு இடைவெளியும் அப்படியே தங்குவது. சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்புப் பேனல்களில் பல, விளிம்பு வளைவில் சில மில்லிமீட்டர் பிசகும். ஃபெண்டரின் கீழ்முனை மட்டும் போயிருந்தால், முழு ஃபெண்டரை வாங்கினாலும் அதன் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பொருத்துவதே நல்லது.

கணக்கு மாறும் இடம் ‘சில்’, அதாவது கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டி. கூரையில்லாத கார்களில் பாடியின் விறைப்பில் பெரும்பங்கு இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். வெளிச்சில், நடுவில் செங்குத்தான தகடு, உட்சில் என்று மூன்று அடுக்கு, அடியில் ஒரு நீளவாட்டுச் சட்டம். வெளிச்சிலின் முன்முனை முன் ஃபெண்டருக்குப் பின்னாலும் பின்முனை பின் ஃபெண்டருக்கு அடியிலும் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியை மட்டும் வெட்டி ஒட்டினால் மறைந்திருக்கும் இரு முனைகளும் அழுகியபடியே இருக்கும். பழைய சில்லின் மேலேயே கவிழ்த்து ஒட்டும் மேலுறைத் தகடுகளும் விற்கிறார்கள். அது அசல் பூசி மெழுகல். உள்ளே ஈரம் சிறைப்பட்டு மிச்சத்தையும் தின்றுவிடும். சில்லில் வெளித்தகடு ஓட்டையாகிவிட்டால் முழு நீளத்தையும் எடுத்துவிட்டு, நடுத்தகட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த முடிவு.

வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே, முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே, 25 மி.மீ. சதுரக் குழாயை வெல்டு செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். காரின் எடை சஸ்பென்ஷன் புள்ளிகளில் உட்கார்ந்திருக்கட்டும். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிய பாடி வளைந்த நிலையிலேயே வெல்டாகிவிடும். இடைவெளியை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முடியும் வரை மறுபக்கத்தைத் தொடவே கூடாது. புதுச் சில்லைக் கிளாம்பில் நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே வெல்டிங். இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் கதவு மூடாமல் போன பாடிகள் ஏராளம்.

தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும் பழைய ஸ்பாட் வெல்டுகளை 8 மி.மீ. கட்டரால் மேல்தகடு மட்டும் போகும்படி துளைத்து எடுங்கள். புதிய தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளையிட்டு, அவற்றை நிரப்பி வெல்டு செய்யலாம். எண்ணிக்கை பழைய ஸ்பாட்டுகளுக்குக் குறையக் கூடாது.

முட்டு இணைப்பும் மேலடுக்கு இணைப்பும்

இரண்டு விளிம்புகளையும் நேருக்கு நேர் முட்டவைத்து வெல்டு செய்வது முட்டு இணைப்பு. விளிம்பில் படி மடித்து ஒன்றின் மேல் ஒன்று அமர்த்தும் மேலடுக்கு முறை எளிது. தகடு தானாகவே சமமாக நிற்கும், ஓட்டை விழுவதும் குறைவு. ஆனால் இரண்டு தகடுகளுக்கு இடையே மயிரிழை இடுக்கு உருவாகிறது. நுண்குழாய் போல அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காரில் அந்த இரட்டைத் தடிமன் வேறு விதமாகச் சூடேறுவதால் பெயிண்டின் மேல் கோடாகவும் தெரியலாம். வெளித்தகட்டில் பின்பக்கம் கை போகும் இடமெல்லாம் முட்டு இணைப்பு என்பதே எங்கள் கட்சி. கை போகாத மூடிய பெட்டியில் மேலடுக்கை ஏற்கலாம். சேரும் முகங்களில் முன்கூட்டியே எபாக்சி ப்ரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) பூசி, வெல்டு விழும் 10 மி.மீ. மட்டும் வெறும் உலோகமாக விடுங்கள். வெளியே இணைப்புக் கோட்டை அடைக்கும் சீம் சீலர். தொழிற்சாலையே மேலடுக்காக அமைத்த மடிப்புகளை அப்படியேதான் திரும்ப அமைக்க வேண்டும்.

ஒட்டின் மூலைகளை உருட்டி வெட்டுங்கள். கூர்மூலையில் வெப்பம் குவிந்து தகடு சுருங்கும். வெல்டுக் கோடு தட்டையான வெளியின் நடுவே போகாமல், வளைவுக்கோ மடிப்புக்கோ பக்கத்தில் அமையட்டும். கதவின் நடுப்பகுதிதான் மோசமான இடம்: தாங்க எதுவும் இல்லாததால் டின் டப்பா மூடிபோல உள்ளும் வெளியும் துள்ளத் தொடங்கிவிடும்.

மிக்கும் டிக்கும்

கம்பியைத் தானாகத் தள்ளிக்கொண்டே வெல்டு செய்வது மிக்; டங்ஸ்டன் முனையில் எழும் ஆர்க்கால் தகட்டை உருக்குவது டிக். மிக் வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானுடன் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. இரு தகடுகளுக்கு இடையே கம்பியின் தடிமனை ஒட்டிய இடைவெளி. தொடர் கோடாக இழுக்கவே கூடாது. 25 மி.மீ.க்கு ஒரு டேக் (சின்ன வெல்டுப் புள்ளி), எதிர்எதிர்ப் பக்கங்களில் தாவித் தாவி. கை வைத்துத் தாங்கும் சூடு வந்த பிறகு இரண்டுக்கும் நடுவே இன்னொன்று. குறை என்னவென்றால் மிக் வைக்கும் மணி, அதாவது உறைந்த வெல்டு உலோகம், மேடாகவும் கடினமாகவும் இருக்கும். சுத்தியலுக்கு எளிதில் இளகாது, தேய்த்தே இறக்க வேண்டும். தேய்க்கும் சூட்டிலேயே தகடு மறுபடி கோணுவதும், மணியோடு பக்கத்துத் தகடும் மெலிவதும் புதுக்கைகளுக்கு நேரும் விபத்து. மெல்லிய கட்டிங் டிஸ்க்கின் விளிம்பால் மணியை மட்டும் தொட்டு இறக்கி, கடைசியில்தான் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு).

டிக்கில் இடைவெளியே வேண்டாம். 0.9 மி.மீ. தகட்டுக்கு 30 முதல் 40 ஆம்பியர் போதும். நகர்வு மெதுவானதால் தகட்டுக்குள் போகும் வெப்பம் மிக்கைவிட அதிகம், கோணலும் அதிகம். அப்படியிருந்தும் வெளித்தகட்டுக்கு டிக்கையே விரும்புவதற்குக் காரணம் அதன் மணி தாழ்வாகவும் மென்மையாகவும் இருப்பது. ஆறும்போது வெல்டுக் கோடு சுருங்கிச் சுற்றுத் தகட்டை இழுப்பதுதான் கோணல். பின்னால் டாலியை (அடியைத் தாங்கும் இரும்புக் கட்டையை) வைத்து முன்னால் சுத்தியலால் அடித்தால் அந்தக் கோடு மீண்டும் நீண்டு தகடு தளர்ந்து நேராகும். இதற்கும் பின்பக்கம் கை போயாக வேண்டும், போகாத இடத்தில் டிக்கின் பாதி லாபம் வீண். தவிர, டிக் துருவைக் கொஞ்சமும் மன்னிக்காது. பின்முகத்தில் துருவோ பழைய பெயிண்டோ இருந்தால் உருகிய உலோகம் துப்பி டங்ஸ்டன் முனையைக் கெடுத்துவிடும். ஆக சில், தரை, மடிப்பு ஓரங்களுக்கு மிக்; கண்ணில் படும் ஃபெண்டர், கதவு, பின்மூடிக்கு டிக்.

துத்தநாகம் பூசிய பாடி என்றால் (1976 மாடல் முதல் போர்ஷே 911 அப்படித்தான்) வெல்டு ஓரத்தில் பூச்சைத் தேய்த்து நீக்குங்கள். வெல்டு சூட்டில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும், முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம்.

துருவை எடுக்கும் வழிகள்

காற்றழுத்தத்தில் துகளைப் பீச்சியடிக்கும் சேண்ட் பிளாஸ்டிங் குழிகளின் அடிவரை சுத்தம் செய்யும். ஆனால் பானெட், கூரை போன்ற தட்டைத் தகடுகளில் மணல் மோதும் அடியே மேல்முகத்தை நீட்டித் தகட்டை உப்ப வைத்துவிடும். மென்மையான துகள், குறைந்த அழுத்தம், சாய்வான கோணம் என்றால் தப்பிக்கலாம். ஆற்றுமணல் வேண்டாம், சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். அமிலத் தொட்டியில் பாடியை முக்குவது பிளாஸ்டிங் எட்டாத பெட்டிக்குள்ளும் போகும். அதுவே அதன் ஆபத்தும்: மடிப்பில் தங்கிய அமிலம் பெயிண்ட் அடித்துப் பல மாதம் கழித்துக் கசிந்து வெளியே வரும். கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடா நீரில் மின்பகுப்பு அருமை. பாகத்துக்கு எதிரே வைக்கும் நேர்மின் முனைக்குச் சாதா இரும்பு போடுங்கள், ஸ்டெயின்லெஸ் போட்டால் நச்சுக் குரோமியம் கரையும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

துருமாற்றித் திரவங்கள் மெல்லிய துருவைத்தான் மாற்றும். அடுக்கடுக்காக உரியும் செதிலின் அடிக்குப் போகாது. பாஸ்பாரிக் அமிலம் போட்டால் நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகே எபாக்சி, இல்லையேல் பூச்சு பிடிக்காது.

பட்டியும் ஈயமும்

பள்ளத்தை நிரப்பப் பூசும் பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் வெறும் தகட்டின் மேல் வைப்பதைவிட எபாக்சிக்கு மேல், 2 அல்லது 3 மி.மீ.க்கு மிகாமல் வைப்பதே உசிதம். உருக்கிப் பூசும் ஈயம் தகட்டோடு ஒன்றிவிடும், கதவு விளிம்பில் சில்லு உடையாது. ஆனால் தகட்டை முதலில் வெள்ளீயம் பூசித் தயாராக்க வேண்டும், அதற்குப் போடும் ஃபிளக்ஸின் (ஈயம் பற்ற உதவும் ரசாயனத்தின்) எச்சத்தைக் கழுவாவிட்டால் பெயிண்ட் கொப்புளிக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் தூசி நஞ்சு. அரத்தால் சீவ மட்டுமே செய்யலாம். அடிபடும் விளிம்புக்கும் தொழிற்சாலை இணைப்புக்கும் ஈயம், மற்றதற்கெல்லாம் பட்டி போதும்.

எந்த வழியில் போனாலும் வெல்டுக் கோட்டின் பின்முகத்தில் பூச்சு எரிந்து வெறும் இரும்பு நிற்கும். பெயிண்ட் முடிந்த பிறகு, சுற்றிலும் பீச்சும் முனையால் பெட்டிக்குள் மெழுகு அடியுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு மெல்லிய பூச்சு. பிறகு வடிகால் துளைகளில் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டு மெழுகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.