பதிப்போடு காரணத்தையும் காட்டும் கட்டளை: ஆப்ட்-கேச் பாலிசி

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் கணினிகளில் ஒரு பேக்கேஜின் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பின்) எந்தெந்தப் பதிப்புகள் கிடைக்கும் என்று டெர்மினலிலேயே பார்த்துவிட, மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் குடும்பத்தில் மூன்று நான்கு கட்டளைகள் இருக்கின்றன. சர்வர் பராமரிப்பில் அன்றாடம் இவற்றைப் புழங்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆப்ட்-கேச் பாலிசிதான் (apt-cache policy). என்னென்ன பதிப்புகள் உள்ளன என்பதோடு, அவற்றுள் எதை ஆப்ட் நிறுவப்போகிறது, ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதையும் இந்த ஒரு கட்டளை காட்டிவிடுகிறது.

வழக்கமான களஞ்சியத்தோடு (பேக்கேஜ்கள் இறங்கும் சர்வரோடு), புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தையும் சேர்த்துவைத்திருக்கும் டெபியன் 12 கணினியில், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் பேக்கேஜின் பெயரைக் கொடுத்து இதை இயக்கிப் பாருங்கள். பேக்கேஜின் பெயருக்குக் கீழே நிறுவப்பட்டுள்ள பதிப்பு ஒரு வரியிலும், ஆப்ட் நிறுவத் தேர்ந்தெடுத்திருக்கும் ‘கேண்டிடேட்’ பதிப்பு அடுத்த வரியிலும் வரும். அதன் கீழே பதிப்பு அட்டவணையில் ஒவ்வொரு பதிப்பும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்ற முகவரியும், அதற்குரிய முன்னுரிமை எண்ணும் இருக்கும். இப்போது கணினியில் உள்ள பதிப்புக்கு முன்னால் மூன்று நட்சத்திரக் குறிகள் நிற்கும். அட்டவணையின் உச்சியில் புதிய கெர்னல் தெரிந்தாலும், கேண்டிடேட் 6.1 வரிசையிலேயே இருக்கும். புதியது கண்ணெதிரே இருக்கும்போது ஆப்ட் ஏன் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் குழம்புவது இங்கேதான். விடையும் அதே திரையில்தான் இருக்கிறது. வழக்கமான களஞ்சியத்துக்கு முன்னுரிமை 500, பேக்போர்ட்ஸுக்கு 100. பெரிய எண்ணே வெல்லும். எண்கள் சமமாக இருந்தால்தான் எது புதிய பதிப்பு என்று பார்க்கப்படும். நாமே கேட்டு ஒருமுறை பேக்போர்ட்ஸ் கெர்னலை நிறுவிவிட்டால், 1000-க்கு மேற்பட்ட முன்னுரிமை இல்லாதவரை ஆப்ட் பழைய பதிப்புக்கு இறங்காது என்பதால், கேண்டிடேட்டும் புதிய வரிசைக்கு மாறிவிடும்.

குறைகளும் உண்டு. இந்தக் கட்டளை இணையத்தைத் தொடுவதே இல்லை. கடைசியாக ஆப்ட் அப்டேட் இயக்கியபோது இறக்கிவைத்த பட்டியல்களை மட்டுமே படிக்கிறது. அந்தப் பட்டியல் மாதக்கணக்கில் பழையதாக இருந்தாலும் ஒரு வார்த்தை எச்சரிக்கை வராது. பட்டியலின் தேதியையாவது ஓரமாகக் காட்டியிருக்கலாம். கணினியின் மொழி அமைப்புக்கேற்ப வெளியீட்டின் தலைப்புகளும் மாறக்கூடியவை என்பதால், ஸ்கிரிப்டில் பயன்படுத்துவோர் மொழியை முன்கூட்டியே நிலைப்படுத்திக்கொள்வது நல்லது.

ஸ்கிரிப்டுக்கு எனக்குப் பிடித்தது ஆப்ட்-கேச் மேடிசன் (apt-cache madison). பேக்கேஜின் பெயர், பதிப்பு, களஞ்சியம் ஆகிய மூன்றையும் செங்குத்துக் கோடுகளால் பிரித்து, களஞ்சியத்துக்கு ஒரு வரியாகத் தருகிறது. முன்னுரிமை பற்றி மட்டும் வாய் திறக்காது. இதன் உறவான ஆர்மேடிசன் (rmadison), டெவ்ஸ்கிரிப்ட்ஸ் (devscripts) பேக்கேஜோடு வருவது. இணையத்தில் நேரடியாகக் கேட்டு, டெபியனின் எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆப்ட் லிஸ்ட் கட்டளையோடு எல்லாப் பதிப்புகளையும் காட்டும் விருப்பத்தைச் சேர்த்தாலும் பட்டியல் கிடைக்கும், ஆனால் அதன் வெளியீட்டை வேறொரு கட்டளைக்குத் திருப்பினால், இந்த இடைமுகம் நிலையானதல்ல, ஸ்கிரிப்டுகளில் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அதுவே எச்சரிக்கும். கண்ணால் பார்ப்பதற்கு அது போதும்.

ஃபெடோரா லினக்ஸின் டிஎன்எஃப், பைத்தான் மொழியின் பிப், நோட் (Node.js) உலகின் என்பிஎம் ஆகிய பேக்கேஜ் கருவிகளிலும் பதிப்புகளைப் பட்டியலிட வழி இருக்கிறது. பிப்பில் இதற்கெனத் தனிக் கட்டளை 2021-இல் வந்த 21.2 பதிப்பில்தான் சேர்ந்தது. என்பிஎம்மில் ஒரு பிரபலமான பேக்கேஜைக் கேட்டால் நூற்றுக்கணக்கான பதிப்புகள் வந்து குவியும். டெபியனிலிருந்து அதை எதிர்பார்க்க முடியாது. புதிய பதிப்பு ஏறியதும் பழையது களஞ்சியத்திலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும் என்பதால், பாலிசியின் அட்டவணையில் பல நேரங்களில் ஒரே ஒரு பதிப்புதான் இருக்கும். அது கட்டளையின் குறையல்ல. போன மாதத்துப் பதிப்புதான் வேண்டும் என்றால், பழைய பதிப்புகளைச் சேமித்துவைத்திருக்கும் டெபியனின் ஸ்னாப்ஷாட் தளத்துக்குப் போக வேண்டும். எங்கிருந்து எடுத்தாலும், நிறுவும்போது பேக்கேஜின் பெயரை அடுத்துச் சமக்குறி இட்டு, முன்னால் எண்ணும் முக்காற்புள்ளியும் இருந்தால் அவற்றையும் விடாமல், அட்டவணையில் உள்ள பதிப்பு எண்ணை அப்படியே முழுதாக ஒட்டுங்கள்.