லேப் ரிப்போர்ட் லிங்க்காக வந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

போன மாதம் அம்மாவுக்கு சுகர் டெஸ்ட் எடுக்க எங்கள் ஊரில் ஒரு லேபுக்குப் போனோம். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, கூடவே மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. தட்டினால் நேராக ரிப்போர்ட். ஓடிபி இல்லை, பிறந்த தேதிகூடக் கேட்கவில்லை. நல்ல வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிண்ட் எடுக்க அதைக் கம்ப்யூட்டரில் திறக்க வேண்டியிருந்தது. சோம்பேறித்தனமாக லிங்க்கைப் பார்த்துக் கையாலேயே டைப் செய்ததில் கடைசி எண் 7க்குப் பதில் 1 விழுந்துவிட்டது. திறந்தது வேறொருவர் ரிப்போர்ட். முழுப் பெயர், வயது, செல் நம்பர், அனுப்பிய டாக்டர் பெயர், அதற்குக் கீழே எச்.ஐ.வி. பரிசோதனை என்று தலைப்பு. ரிசல்ட் வரை போகாமல் மூடிவிட்டேன். ஆனால் பெயர் கண்ணில் பட்டுவிட்டதே! எங்கள் ஊர் அளவுக்கு அவரை நாளைக்கே டீக்கடையில் பார்த்தாலும் பார்ப்பேன்.

மறுநாள் லேபில் போய்ச் சொன்னேன். "எங்க சைட்ல பூட்டுப் படம் இருக்கே சார், வாட்ஸ்அப்பும் என்கிரிப்டட்தான்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு, ரிப்போர்ட் உங்கள் போனுக்கு வரும் வழியில் நடுவில் யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கேட்பது யார் என்று பார்க்கிற வேலை அதனுடையது இல்லை. வரிசையாகப் போகும் பில் நம்பரையே லிங்க்கின் வாலில் ஒட்டிவைத்தால், கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரிந்த பையன் ஒரே ராத்திரியில் அந்த லேபில் ரத்தம் கொடுத்த எல்லோருடைய ரிப்போர்ட்டையும் இறக்கிவிடுவான்.

மேனேஜரோ, சாஃப்ட்வேர் வேறு கம்பெனியுடையது என்று கையை விரித்தார். மருத்துவப் பதிவுகளைப் பாதுகாக்க 2011லிருந்தே ஐ.டி. விதிகள் இருக்கின்றன, எச்.ஐ.வி. விவரம் வெளியே போகக் கூடாது என்பதற்கு 2017 சட்டம் தனியாகவே இருக்கிறது, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு சார்" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து, இணையப் பாதுகாப்புப் புகார்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மெயில் போட்டேன், லேபுக்கும் நகல் அனுப்பினேன். பத்து நாளில் புது லிங்க்குகளுக்கு ஓடிபி வந்தது. எந்த மெயிலைப் பார்த்துப் பயந்தார்களோ!

உங்களுக்கு லிங்க் வந்தால் வீட்டிலேயே இன்னொரு போனில் திறந்து பாருங்கள். எதுவும் கேட்காமல் திறந்தால், கை மாறிப் போகிற எல்லோருக்கும் அப்படித்தான் திறக்கும். எண்ணை மாற்றி அடுத்தவருடையதைச் சோதிக்க வேண்டாம், அது தனித் தப்பு. லேபில் எழுத்தில் புகார் கொடுங்கள், இனிமேல் பேப்பரில் தரச் சொல்லுங்கள். குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போடாதீர்கள். எங்கள் சித்தப்பா குரூப்பில் 64 பேர் இருக்கிறோம், அம்மாவின் சுகர் அளவு இப்போது அத்தனை பேருக்கும் தெரியும், அதைப் போட்டது நான்தான்.

லேப் பெயரைக் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள். அம்மாவின் பழைய லிங்க் இன்று காலைகூட எதுவும் கேட்காமல் திறந்தது.